வேலையை விடும் முன்பு: களியக்காவிளையைத் தினம் தாண்டிய ஒரு பெண்ணின் இரண்டரை ஆண்டுகள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். கழுத்து வலி, தோள் வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேராவது இரண்டாவது மூன்றாவது சந்திப்பில், "இந்த வேலையை விட்டுடலாமான்னு இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்ன ஒருவருடைய கதை இது. அவர் சம்மதித்து, எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே வெளியிடுகிறேன். பெயர், ஊர், நிறுவனம் எதுவும் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

2022-இல் அவருக்கு 42 வயது. பி.காம் படித்தவர். குழித்துறைக்கும் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் வீடு. கணவர் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். வீட்டில் மாமியாரும் ப்ளஸ் ஒன் படிக்கும் மகளும். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் பதினேழு வருடமாக வேலை. இப்போது குமரி மாவட்டமாக இருக்கும் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரி, கல்யாணப் புடவை, மாதச் சம்பள வேலை என்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இன்றும் திருவனந்தபுரம்தான் கிட்டே. காலை ஷிஃப்ட் என்றால் விடியுமுன் வீட்டை விட்டு இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். மாலை ஷிஃப்ட் என்றால் களியக்காவிளையில் பஸ் மாறி வீடு சேர இரவு பத்தரை ஆகிவிடும். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும்.

தமிழும் மலையாளமும் நன்றாகப் பேசுவார் என்பதால் டிஸ்சார்ஜ் கவுண்டரில் அவரையே உட்கார வைத்தார்கள். குமரி, நெல்லைப் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்கள் அவரிடம்தான் வரும். தமிழ்நாட்டு அரசுக் காப்பீட்டு அட்டையை நீட்டுகிறவர்களிடம் "இங்கே செல்லாது" என்று சொல்வதும், பணம் கட்டினால்தான் கையெழுத்து ஆகும் என்று சொல்வதும் அவர் வேலை. இதை முதல் சந்திப்பில் அவர் சொல்லவில்லை. பல மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது.

முதல் சந்திப்பில் கண்டவை

2022 ஆகஸ்டில் வலது கழுத்து, தோள்பட்டை வலி, பின்தலைவலி என்று வந்தார். கையில் மரத்துப்போதல் இல்லை, பிடியின் பலம் குறையவில்லை. உட்காரும் விதத்தை நடித்துக் காட்டச் சொன்னேன். கணினித் திரை இடப்பக்கம் இருந்தது. எதிரே கண்ணாடித் தடுப்பு, அதன் கீழே பணம் வாங்க ஒரு சிறிய திறப்பு. வெளியே நிற்பவர் பேசுவது கேட்க வேண்டுமென்றால், அவர் வலப்பக்கம் குனிந்து அந்தத் திறப்பில் காதை வைக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் நூறு முறையாவது இப்படி. வலிக்கு அதுவே போதுமான காரணம்.

ஆனால் அதோடு முடியவில்லை. எங்கள் கிளினிக் முதல் மாடியில் இருக்கிறது. படியேறும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருந்தது. மாதவிலக்கைப் பற்றிக் கேட்டதும், "அது நாலஞ்சு வருஷமா அப்படித்தான் மேடம், வயசாகுதுல்லா" என்றார். எட்டு நாள் உதிரப்போக்கு, முதல் மூன்று நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாற்ற வேண்டிய நிலை. இதை அவர் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை, அதுவும் மருத்துவமனையிலேயே வேலை பார்த்துக்கொண்டு.

தூக்கம் துண்டு துண்டாக. விடுமுறை நாளில் மத்தியானம் வரை படுக்கை. ஆலயப் பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம். கல்யாண வீடுகளுக்கும் போவதில்லை. "வேலையை விட்டா எல்லாம் சரியாயிடும். எங்க வீட்டுக்காரரு போன் பண்ணும்போது நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வேலையைப் பற்றிய முடிவைத் தள்ளி வைப்போம் என்பதைத்தான் முதலில் பேசினோம். அவர் கேட்டதற்கு நேர் எதிரானது இது, அதனால் காரணத்தை விளக்கமாகச் சொன்னேன். இரத்தம் குறைந்திருந்தாலும் மனம் சோர்ந்திருந்தாலும் எந்த வேலையும் தாங்க முடியாததாகவே தெரியும். இரண்டையும் சரிசெய்த பிறகும் வேலை தாங்க முடியாததாகவே இருந்தால், அப்போது விடலாம். மகளின் ப்ளஸ் டூ தேர்வு 2024 மார்ச்சில் முடியும் வரை சம்பளம் அவசியம் என்று கணவரும் அவரும் பேசி முடிவு செய்தார்கள். அந்த மருத்துவமனையில் அவரை யாராவது மிரட்டியிருந்தாலோ தொல்லை கொடுத்திருந்தாலோ இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்பதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அடுத்து பொது மருத்துவரிடம் அனுப்பினேன். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. தைராய்டு சரியாக இருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. மகப்பேறு மருத்துவர் உதிரப்போக்குக்கு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி மனச்சோர்வுத் தாளில் 27-க்கு 14 வந்தது. 10 முதல் 14 வரை நடுத்தரச் சோர்வு. ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணத்தைப் பற்றியது, அதற்கு "இல்லை" என்றார். மனநல மருத்துவர் ஒருவர் பார்த்து, இப்போது மாத்திரை வேண்டாம், இரத்தசோகைச் சிகிச்சையோடு தினசரி நடவடிக்கைத் திட்டம் ஒன்று போடுங்கள், ஆறு வாரத்தில் திரும்பப் பார்ப்போம் என்றார். அந்த அக்டோபரில் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மனாஸ் சேவை தொடங்கியதும் 14416 என்ற எண்ணை அவர் கைபேசியில் சேமித்துக் கொடுத்தோம்.

உடற்பயிற்சியை மிகக் கொஞ்சமாகத் தொடங்கினோம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. ஹீமோகுளோபின் 8.6 உள்ளவரிடம் அந்தக் கணக்கை நீட்டினால் மூன்றாம் நாளே படுத்துவிடுவார், "என்னால் இதுகூட முடியல்ல" என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். அதனால் காலை ஷிஃப்ட் உள்ள வாரங்களில் சாயங்காலம் பத்து நிமிடம் சானல்கரையில் (பாசனக் கால்வாய்க் கரையில்) நடை, கழுத்துக்கு மூன்று எளிய பயிற்சி, அவ்வளவுதான். மனம் வந்தால் நடப்பது என்று விடவில்லை. கிழமையும் நேரமும் முன்கூட்டியே நோட்டில் எழுதி, நடந்து வந்த பிறகு மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் போடச் சொன்னேன். சோர்ந்த மனம் செயலுக்கு முன்னால் தயாராவதில்லை, செயலுக்குப் பின்னால்தான் கொஞ்சம் அசையும். மனச்சோர்வுக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சை முறைகளில் ஒன்று இதன் மேல்தான் நிற்கிறது.

முதல் நான்கு மாதம்

பட்டணங்கால் சானலின் கிளை ஒன்று அவர் ஊர் வழியாகப் போகிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் பறளியாற்றைத் தாண்டி வரும் அதே பட்டணங்கால்தான். கரையில் வண்டி அதிகம் வராது, நிழலும் உண்டு. ஆனால் ஒரு பெண் காரணமில்லாமல் தனியாக நடந்தால் நாலு பேர் கேட்பார்கள். நாயும் உண்டு. முதல் நாள் மாமியாரே, "எங்க மக்களே போற இந்த நேரத்துல?" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் சொன்ன நடை என்று விளக்கியதும், மறுநாள் கையில் ஒரு கம்போடு அவரும் கிளம்பிவிட்டார். மருமகள் நடந்து திரும்பும் வரை மதகுத் திட்டில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கம்பு இல்லாவிட்டால் இந்த நடை இரண்டு வாரம்கூடத் தாண்டியிருக்காது என்று நினைக்கிறேன். நோட்டில் யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் கூட வருகிற ஆள் வேண்டும்.

ஐப்பசி மழையில் நடை நின்றது. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, வருடத்தில் பாதி நாள் சாயங்கால நடையை நம்ப முடியாது. வீட்டுத் திண்ணையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையால் தோளுக்குப் பயிற்சி என்று மாற்றினோம். கவுண்டரில் திரையை நேர் எதிரே நகர்த்த மேலாளர் சம்மதித்தார். ஒலிபெருக்கி கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.

டிசம்பரில் ஹீமோகுளோபின் 11.4. வாரம் ஐந்து நாள் அரை மணி நேர நடை. வலி பாதிக்கும் கீழே. மனச்சோர்வு மதிப்பெண் 9. எண்ணை மட்டும் பார்த்தால் திருப்திதான். ஆனால் அவர் சொன்னது இது: "உடம்பு எழும்பிடிச்சு மேடம், மனசு எழும்பல்ல."

தேனீப் பெட்டி

சின்ன வயதில் எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியாமல் இருந்தது என்று கேட்டேன். யோசிக்காமல், அப்பாவின் தேனீப் பெட்டிகள் என்றார்.

மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலிருந்து இங்கே தேனீ வளர்ப்பு வீட்டுக்கு வீடு பரவிய தொழில். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, நம் நாட்டு அடுக்குத் தேனீக்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. புழுக்கள் நீர் கோத்த பை போல ஆகி அறைக்குள்ளேயே சாகும். இவர் அப்பாவின் பெட்டிகளும் ஒரே மழைக்காலத்தில் காலி. அப்பா அப்புறம் தேனீ பக்கமே போகவில்லை. பெட்டிகள் மட்டும் விறகுப் புரையின் பரணில் கிடந்தன.

2023 ஜனவரியில் அதில் இரண்டை இறக்கிச் சுத்தம் செய்து, பக்கத்து ஊர்க்காரரிடம் கூட்டம் வாங்கி வைத்தார். சின்ன வயதில் பலமுறை கொட்டு வாங்கியும் ஒவ்வாமை வந்ததில்லை என்பதைக் கேட்டுக்கொண்ட பிறகே சரி என்றேன். ஒரு கொட்டுக்கே மூச்சுத் திணறுபவர்கள் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். தேங்காய் மட்டையைப் பற்றவைத்துப் புகையை வாசலில் லேசாக விட்டார். மூடியைத் திறந்து, அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களில் ஓரத்துச் சட்டத்தை முதலில் அசைத்து இடம் உண்டாக்கி, நடுச் சட்டத்தை இரண்டு விரலால் நேர் மேலே தூக்கினார். வேகமாக இழுத்தால் தேனீ நசுங்கும், நசுங்கினால் மற்றவை கொட்டும். சட்டத்தை வெயிலுக்கு எதிரே பிடித்து, அறைகளின் அடியில் அரிசி நுனி போல நிற்கும் முட்டைகளைக் காட்டினார். நேற்றோ இன்றோ ராணி இருந்திருக்கிறது என்று அர்த்தம், ராணியைத் தேட வேண்டியதே இல்லை என்றார். அரை மணி நேரம் அவர் கழுத்து ஒரு முறைகூட இறுகவில்லை. கைபேசி வீட்டுக்குள் இருந்தது.

ரப்பர் மரம் மார்கழி, தையில் இலை உதிர்த்து மறுபடி தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தில் தேன் கசியும். நம் ஊர்த் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதல்ல, இந்தத் தளிரிலிருந்துதான். மாசி, பங்குனியில் இரண்டு பெட்டியிலுமாகப் பதினைந்து கிலோ கிடைத்தது. விற்கவில்லை. தெருவில் கொடுத்தார், கவுண்டரில் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்தார். ஏப்ரலில் மனச்சோர்வு மதிப்பெண் 4. பாடகர் குழுவுக்கும் திரும்பிப் போனார்.

தேனீ ஏன் உதவியது என்று கேட்டபோதுதான் கவுண்டர் விஷயம் முழுதாக வெளியே வந்தது. "இதுல யாருகிட்டயும் பைசா கேக்க வேண்டாம் மேடம்" என்றார். ஒரு அப்பா மகளின் கம்மலைக் கழற்றிக் கவுண்டரில் வைத்ததை அன்று சொன்னார். பதினேழு வருடத்தில் இப்படி எத்தனை பார்த்திருப்பார். கழுத்து வலியில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

பொழுதுபோக்கு தொழிலாக மாறியபோது

அந்த ஆண்டு மழையில் ஒரு பெட்டி காலியானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே தேனீக்குப் பஞ்ச காலம், சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். மாலை ஷிஃப்ட் அடுத்தடுத்து வந்ததில் வைக்க முடியவில்லை, கூட்டம் பறந்துவிட்டது. அதற்கு அவர் அழுதார். ஆனால் நடையை நிறுத்தவில்லை.

நவம்பரில் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கிப் பெட்டிகளைப் பதினான்காக்கினார். சீசன் முடிந்ததும் வேலையை விட்டு முழுநேரத் தேன் தொழில் என்பது திட்டம். கணவருக்கும் சம்மதம். கேட்டவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். பிடித்ததையே பிழைப்பாக்கிக்கொள்வது எல்லோருக்கும் அழகாகத்தான் தெரியும்.

2024 மார்ச்சில் மணிக்கட்டு வலியோடு வந்தார். தேன் எடுக்கும் எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வந்த வலி. நோட்டைப் பார்த்தேன். ஆறு வாரமாக நடை இல்லை, மனநிலை மதிப்பெண்ணும் எழுதவில்லை. அந்தப் பக்கங்களில் ஆர்டர், பாட்டில், பாக்கி, தேதி. சொன்ன தேதிக்குக் கொடுக்க வேண்டும் என்று தேனீ இன்னும் மெழுகால் மூடாத தேனடையையும் எந்திரத்தில் சுற்றி எடுத்ததில் ஒரு வாளித் தேன் புளித்து, வாங்கியவர் திருப்பிக் கொடுத்திருந்தார். ரப்பர்த் தேனில் ஏற்கெனவே நீர்ப்பதம் அதிகம், அடை மூடும் வரை பொறுக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். இரண்டு பேர் பணம் தரவில்லை, தினமும் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தார். பைசா கேட்க வேண்டாத ஒரே இடமும் போய்விட்டது. மனச்சோர்வு மதிப்பெண் மறுபடி 10.

அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கடன் தவணை, பாட்டில், சர்க்கரை, பெட்டிக்கூலி போக முழு சீசனில் நின்ற தொகை அவருடைய மூன்று மாதச் சம்பளத்துக்கு வரவில்லை. நூற்றுக்கணக்கான பெட்டிகளை லாரியில் ஏற்றி, கேரளத்து ரப்பர் தோட்டங்கள் வரை கொண்டுபோகிறவர்களுக்குத்தான் இது முழுநேரப் பிழைப்பு. அந்த வாழ்க்கை அவருக்கு வேண்டாம். பத்துப் பெட்டியை ஒரு தேனீ வளர்ப்பவருக்கு விற்றுக் குழுக் கடனை அடைத்தார். நான்கு பெட்டி போதும், அந்தத் தேனை விற்பதில்லை என்று அவரே முடிவு செய்தார்.

வேலை மாற்றம்

மகளின் தேர்வு முடிந்திருந்தது. வேலையை விடுவதா வேண்டாமா என்று இந்த முறை பேசவில்லை. வேலையில் எது வலிக்கிறது, எது வலிக்கவில்லை என்று ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதச் சொன்னேன். வலித்தவை: பயணம், ஷிஃப்ட் மாறுவது, "செல்லாது" என்று சொல்வது. வலிக்காத பக்கம் நீளமாக இருந்தது. காப்பீட்டு விதிகள் அத்துப்படி, எந்தக் காகிதம் இல்லாவிட்டால் எது நிற்கும் என்று தெரியும், பதறி நிற்பவரிடம் நிதானமாகப் பேச வரும், இரண்டு மொழி. இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போக வேண்டிய காரணமே இல்லை. மேசையின் மறுபக்கத்துக்கு வந்தால் போதும்.

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தது. அப்போதைய விதிப்படி, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் திட்டம் அது. அட்டையைச் சரிபார்ப்பது, முன் அனுமதிக்கு ஆவணம் ஏற்றுவது, திருப்பி அனுப்பப்பட்டால் என்ன குறை என்று கண்டுபிடிப்பது வேலை. பகல் நேரம் மட்டும். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

விடும் முறையில் அவசரப்படவில்லை. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார். ஐந்து வருடம் தாண்டியவருக்குப் பணிக்கொடை உரிமை. ஒவ்வொரு ஆண்டு பணிக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் வந்த தொகை வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைத்தது. வருங்கால வைப்பு நிதியை எடுக்காமல் புதிய இடத்துக்கு மாற்றினார். பத்து வருடம் தாண்டிய பணிக்கு ஓய்வூதிய உரிமை உண்டு என்பது பல பேருக்குத் தெரிவதில்லை. 2024 ஜூனில் புதிய வேலையில் சேர்ந்தார்.

பின்விளைவு

2025 பிப்ரவரியில் கடைசியாக முறைப்படி பார்த்தேன். ஹீமோகுளோபின் 12.3, மனச்சோர்வு மதிப்பெண் 3. வாரம் ஐந்து நாள் சானல்கரை, இரண்டு நாள் வலுவூட்டும் பயிற்சி. மாதக் கடைசியில் வேலை குவியும்போது கழுத்து வலி எட்டிப் பார்க்கிறது. பயிற்சியால் இரண்டு மூன்று நாளில் அடங்குகிறது. நார்க்கட்டி அப்படியே இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன்.

பணம் இறுக்கம்தான். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், கணவர் ஊர் திரும்புவது இன்னும் இரண்டு வருடம் தள்ளிப் போயிருக்கிறது. அது எனக்கும் வருத்தமே. புதிய மேசையிலும் "செல்லாது" சொல்ல வேண்டிய நாள் வருகிறது. ஆனால் இப்போது அதோடு நிறுத்தாமல், எந்த அலுவலகத்தில் என்ன சான்றிதழ் வாங்கி வர வேண்டும், எந்த அரசு மருத்துவமனையில் அதே சிகிச்சை கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்க முடிகிறது.

இதன் பிறகு மாற்றிக்கொண்டவை

கழுத்து வலியோ முழங்கால் வலியோ, பெண்கள் யார் வந்தாலும் முதல் நாள் படிவத்திலேயே உதிரப்போக்கு எத்தனை நாள் என்ற கேள்வி இருக்கிறது. மழைக்கால மாற்றுப் பயிற்சியை மே மாதமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். நடையைத் தொடங்கும்போது கூட வரும் ஆள் யார் என்பதையும் சேர்த்தே கேட்கிறோம்.

புதிதாகப் பிடித்துப்போன ஒன்றைத் தொழிலாக்க நினைப்பவர்களிடம், ஒரு முழு வருடம், அதன் பஞ்ச காலத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கடன் வாங்குங்கள் என்கிறேன். தையல், மாடித்தோட்டம், கேக் எதுவானாலும் இதே பேச்சுதான். இரண்டு பக்கத் தாளையும் இனி அவ்வளவு தாமதமாகக் கொடுப்பதில்லை. இரத்தமும் தூக்கமும் ஓரளவு தேறிய மூன்று நான்கு மாதத்திலேயே அதை எழுதிவிடலாம். இவர் விஷயத்தில் டிசம்பர் 2022-இல் எழுதியிருந்தால், பதினான்கு பெட்டி வரை போகத் தேவை இருந்திருக்காது.

பழைய கவுண்டரில் இப்போது உட்காருபவரும் குமரிக்காரர். சென்ற மாதம் வலது தோள் வலியோடு எங்களிடம் வந்தார். ஒலிபெருக்கி கேட்டு அந்த மருத்துவமனைக்கு இந்த முறை நான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.